மாஸ்டர் ஆட்டங்களின் கடினமான நிலைகளை வைத்து செஸ் எஞ்சின்களைச் சோதிப்பது: எந்த நிலைகள், எப்படி மதிப்பெண்?

#1 குதிரைப்பாதை

நண்பர்களே, எஞ்சின்களை (செஸ் ஆடும் கணினி நிரல்களை) சோதிக்க ஒரு நிலைத் தொகுப்பு தயாரித்துக்கொண்டிருக்கிறேன். புதிர் அமைப்பாளர்கள் உட்கார்ந்து செதுக்கிய நிலைகள் இதில் வேண்டாம் என்று முடிவு. அவை அழகானவைதான். ஆனால் நிஜ ஆட்டத்தில் அப்படிக் காய்கள் நிற்பதே அபூர்வம். இரண்டு பேர் கடிகாரத்தை வைத்துக்கொண்டு விளையாடியபோது பலகையில் வந்த நிலைகள் மட்டும் போதும்.

முதலில் எல்லோருக்கும் தெரிந்த ஒன்று. 1998 லினாரெஸ் போட்டி, டோபலோவ் வெள்ளை, ஷிரோவ் கறுப்பு. பலகையில் வைத்துப் பாருங்கள்:

வெள்ளை: ராஜா ஜி1, பிஷப் சி3, சிப்பாய்கள் ஜி2, எச்4.
கறுப்பு: ராஜா இ6, பிஷப் எஃப்5, சிப்பாய்கள் ஏ4, டி5, எஃப்6, ஜி6.

கறுப்பின் முறை. ஷிரோவ் 47...பிஷப் எச்3 ஆடினார் (எண்ணுக்குப் பின் மூன்று புள்ளி என்றால் கறுப்பின் நகர்வு). பிஷப்பைச் சும்மா கொடுத்துவிட்டார். 48.ஜி சிப்பாய் எடுக்கிறது, ராஜா எஃப்5, 49.ராஜா எஃப்2 ராஜா இ4. கறுப்பு ராஜா ஒரு நகர்வு முந்திவிட்டது. அதன் பிறகு ஏ, டி சிப்பாய்கள் இரண்டையும் தனி பிஷப்பால் தடுக்க முடியவில்லை. 53-ஆவது நகர்வில் டோபலோவ் விட்டுக்கொடுத்தார். வெள்ளை பிஷப்பை எடுக்காமல் 48.ராஜா எஃப்2 என்று வந்தாலும் ராஜா எஃப்5, 49.ராஜா எஃப்3 பிஷப் ஜி2-வை செக்குடன் எடுக்கிறது, 50.ராஜா எடுக்கிறது, ராஜா இ4. அதே கதைதான்.

அந்தக் காலத்து எஞ்சின்கள் இதைக் காணாமல் திணறின. இப்போதுள்ளவை காண்கின்றன. ஆனால் எவ்வளவு நேரத்தில் என்பது எஞ்சினுக்கு எஞ்சின், பதிப்புக்குப் பதிப்பு மாறுகிறது.

எனக்கு இரண்டு கேள்விகள். இதுபோல வேறு எந்த நிலைகளைச் சேர்க்கலாம்? மதிப்பெண்ணை எப்படிப் போடலாம்? "நகர்வைக் கண்டுபிடித்ததா இல்லையா" என்று மட்டும் பார்ப்பது போதாது என்று தோன்றுகிறது.

#2 வெள்ளைச்சிப்பாய்

டொனால்ட் பைர்ன் – ஃபிஷர், நியூயார்க் 1956! 17...பிஷப் இ6, ராணியையே கொடுத்த ஆட்டம். அதைவிடக் கடினமான நகர்வு உண்டா?

#3 நிரலோடி

வெள்ளைச்சிப்பாய், மனிதனுக்கு அது கடினம். 13 வயதுச் சிறுவன் ஆடினான் என்பது இன்றைக்கும் மலைப்பாகத்தான் இருக்கிறது. எஞ்சினுக்கு அது கஷ்டமே இல்லை. ராணியை எடுத்த பிறகு வருவதெல்லாம் செக்கும் வெட்டும். பிஷப்பும் குதிரையும் மாறி மாறி செக் கொடுத்துக் காய்களை வாரிக்கொண்டு போகின்றன. எதிராளிக்குத் தேர்வு குறைவு, அதனால் தேடல் மரத்தில் கிளைகளும் குறைவு. வெட்டையும் செக்கையும் எந்த எஞ்சினும் விடாமல் பார்க்கும்.

ஷிரோவின் நகர்வு அப்படி இல்லை. நான் சொந்தமாக ஓர் எஞ்சின் எழுதுகிறேன், அதனால் உள்ளே என்ன நடக்கிறது என்று கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

எஞ்சின் ஒரு நிலையில் எல்லா நகர்வுகளையும் ஒரே ஆழத்துக்குப் பார்ப்பதில்லை. முதலில் நகர்வுகளை வரிசைப்படுத்தும். முந்தைய தேடலில் நன்றாக இருந்த நகர்வு, லாபம் தரும் வெட்டுகள், வேறு கிளைகளில் பலன் தந்த நகர்வுகள் முன்னால் வரும். மிச்சமெல்லாம் பின்னால். பின்வரிசையில் நிற்கும் அமைதியான நகர்வுகளை ஆழம் குறைத்துத்தான் பார்க்கும். அந்தக் குறைந்த ஆழத்தில் எதிர்பாராத நல்ல மதிப்பு வந்தால் மட்டும் முழு ஆழத்துக்கு மறுபடி தேடும். இப்படிச் சிக்கனம் பிடிப்பதால்தான் இன்றைய எஞ்சின்களால் 30, 40 என்று ஆழம் காட்ட முடிகிறது.

பிஷப் எச்3 வெட்டு இல்லை, செக்கும் இல்லை. எச்3 கட்டத்தில் அந்த பிஷப் இலவசமாகப் போகிறது. எடுத்த பிறகு கறுப்பு ஆடுவதும் வெறும் ராஜா நகர்வு. ஒரு காய் குறைவாக நின்றுகொண்டு அமைதியான நகர்வுகளாக ஆடுகிற கிளையைத்தான் எஞ்சின் முதலில் வெட்டிப் போடும். சிப்பாய் ராணியாகப் போகிறது என்பது தெரியப் பல நகர்வுகள் தள்ளிப் பார்க்க வேண்டும். அதுவரைக்கும் அந்தக் கிளை உயிரோடு இருக்க வேண்டுமே!

இதோடு இன்னொன்று. இரண்டு பக்கமும் வேறுவேறு நிறக் கட்டத்து பிஷப். அப்படிப்பட்ட இறுதியாட்டம் டிராவை நோக்கிப் போகும் என்பது பொது அறிவு. பழைய எஞ்சின்களின் மதிப்பீட்டிலேயே அதை எழுதி வைத்திருப்பார்கள். அதனால் கறுப்புக்கு இரண்டு சிப்பாய் கூடுதல் இருந்தும் மற்ற நகர்வுகளின் மதிப்பு பெரிதாக ஏறாது. வேறு ஏதோ இருக்கிறது என்று தேடவைக்கும் தூண்டுதலும் இல்லை.

#4 கடைசிக்கட்டம்

நிரலோடி சொன்னதோடு சேர்த்து: அந்த நிலையில் மொத்தம் பத்துக் காய்கள். 7 காய் வரைக்கும் எண்ட்கேம் அட்டவணைகள், அதாவது ஒவ்வொரு நிலையின் முடிவையும் முன்பே கணக்கிட்டு வைத்தவை, இருக்கின்றன. சிசிஜி என்ற அவ்வகை அட்டவணைகள் இணைத்த எஞ்சின், சில காய்கள் விழுந்ததும் சரியான பதிலை நேராக அட்டவணையில் இருந்து எடுத்துக்கொள்ளும். இணைக்காத எஞ்சின் தானே கணக்குப் போட வேண்டும். இரண்டையும் ஒரே பட்டியலில் வைத்து ஒப்பிடக் கூடாது. அட்டவணை இருந்ததா இல்லையா என்று முடிவுக்குப் பக்கத்தில் கட்டாயம் எழுதுங்கள்.

நான் தரும் நிலை: கார்ல்சன் – காருவானா, 2018 லண்டன் உலகச் சாம்பியன் போட்டி, ஆறாம் ஆட்டம். 68-ஆவது நகர்வில் கறுப்புக்கு வெற்றி இருந்தது. காருவானா பிஷப் சி5 ஆடினார், ஆட்டம் டிராவானது. வெற்றி 68...பிஷப் எச்4-இல். அதன் பின் 69.பிஷப் டி5 குதிரை இ2, 70.பிஷப் எஃப்3 குதிரை ஜி1! குதிரை தானாகவே மூலையில் போய் அடைபடுகிறது. வெளியே வர வழியில்லை போலத் தெரியும். ஆனால் வெள்ளைக்கு நல்ல நகர்வு தீர்ந்துபோகிறது. ஸ்டாக்ஃபிஷ் எஞ்சின் ஓடிய செஸ்ஸே என்ற நார்வே கணினி ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே இதைக் காட்டியது. உலகத்தில் எந்த மனிதனும் பலகையில் உட்கார்ந்து இதைக் கண்டுபிடித்திருப்பான் என்று நான் நம்பவில்லை. மாஸ்டர் ஆட்டத்தில் வந்த நிலை, ஆனால் மாஸ்டர் ஆடாத நகர்வு. தொகுப்பில் இந்த வகையும் வேண்டும்.

நகர்த்த வேண்டிய கட்டாயமே தோல்வியாகிற நிலைகளில் எஞ்சின்களுக்கு இன்னொரு பலவீனமும் உண்டு. தேடலைச் சுருக்க "இந்த முறை நான் நகராமல் விட்டாலும் எனக்கு நன்றாகத்தான் இருக்குமா?" என்று கேட்டுப் பார்க்கும் உத்தியைப் பெரும்பாலான எஞ்சின்கள் பயன்படுத்துகின்றன. வழக்கமான நிலைகளில் அது சரியாக வேலை செய்யும். நகர்வதே ஆபத்தான நிலையில் அந்தக் கேள்வியே எஞ்சினை ஏமாற்றிவிடும். நல்ல எஞ்சின்கள் காய் குறைந்த நிலைகளில் இதை நிறுத்தி வைக்கின்றன, அல்லது இன்னொரு தேடலால் சரிபார்க்கின்றன.

#5 பழையபலகை

இந்த விவாதம் இப்போது தொடங்கியதில்லை. 1982-லேயே இவான் பிராட்கோவும் டேனி கோபெக்கும் 24 நிலைகள் கொண்ட ஒரு சோதனை வெளியிட்டார்கள். அதில் பாதி நிலைகள் அடிதடி. மீதிப் பாதி, சிப்பாயைத் தள்ளி எதிரியின் சிப்பாய்ச் சங்கிலியை உடைக்கும் நகர்வுகள். அந்தப் பிரிப்புதான் அந்தச் சோதனையின் உயிர். கணக்குப் போடத் தெரிந்த ஆள் முதல் பாதியில் தேறுவான், செஸ் தெரிந்த ஆள்தான் இரண்டாம் பாதியில் தேறுவான் என்பது எண்ணம். ஒரு நிலைக்கு இரண்டு நிமிடம். மனிதர்களும் எழுதினார்கள், நிரல்களும் எழுதின. நான்கு நகர்வுகள் வரை விருப்ப வரிசையில் எழுதலாம். சரியான நகர்வு முதலிடத்தில் இருந்தால் ஒரு மதிப்பெண், இரண்டாவதாக இருந்தால் அரை, மூன்றாவதில் மூன்றில் ஒரு பங்கு, நான்காவதில் கால்.

அந்தப் பகுதி மதிப்பெண் முறை எனக்கு இன்றைக்கும் பிடிக்கும்.

பிறகு 1994-இல் பியர் நோலோ என்பவர் 11 நிலைகள் கொடுத்தார். எல்லாமே பெரிய ஆட்டக்காரர்களின் ஆட்டங்களில் இருந்து எடுத்தவை. அன்றைய கணினிகளுக்கு எட்டாதவை என்றே தேர்ந்தெடுத்தார். முதல் நிலை 1990 உலகச் சாம்பியன் போட்டியின் 20-ஆம் ஆட்டம், காஸ்பரோவ் – கார்ப்போவ், லியோனில் நடந்தது. 26.குதிரை எச்6 சிப்பாயை எடுக்கிறது. கார்ப்போவ் பதிலுக்கு சி3 தள்ளுகிறார், 27.குதிரை எஃப்5, சிப்பாய் பி2 பிஷப்பை எடுக்கிறது. வெள்ளை அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் 28.ராணி ஜி4. தாக்குதலுக்கு நடுவில் 31.ராஜா எச்2 என்று ஓர் அமைதியான நகர்வு வேறு! அன்றைக்கு வீட்டுக் கணினிகளால் இதை நெருங்கவே முடியவில்லை. இன்றைக்கு கைபேசி எஞ்சினுக்கே இது பெரிய காரியம் இல்லை.

அதனால் குதிரைப்பாதை, தொகுப்புக்கு ஆயுள் உண்டு என்பதை மனதில் வையுங்கள். எல்லா எஞ்சினும் தேறிவிட்ட நிலை எதையும் அளக்காது. அதை எடுத்துவிட்டு வேறு வைக்க வேண்டும்.

#6 மறுவிசாரணை

எல்லோரும் அழகான தியாகங்களாகவே அடுக்குகிறீர்கள். எனக்கு இதில் அடிப்படையிலேயே ஒரு சந்தேகம்.

உங்கள் தொகுப்பில் ஒவ்வொரு விடையும் "காயைக் கொடு" என்று இருந்தால், எதற்கெடுத்தாலும் காயைக் கொடுக்கும் எஞ்சின்தான் அதிக மதிப்பெண் வாங்கும். அது நல்ல எஞ்சினா? நிரல் எழுதும் நண்பருக்கே தெரியும்: கிளைகளை வெட்டும் விதிகளைத் தளர்த்தினால் இந்த மாதிரிப் புதிர்களை வேகமாகத் தீர்க்கலாம். ஆனால் ஆட்டத்தில் ஆழம் குறைந்து தோற்கும். ஸ்டாக்ஃபிஷ் குழு ஒரு மாற்றத்தை ஏற்கலாமா என்று முடிவு செய்வது புதிர் நிலைகளை வைத்து இல்லை. ஃபிஷ்டெஸ்ட் என்ற அமைப்பில் தன்னார்வலர்களின் கணினிகள் ஆயிரக்கணக்கில் ஆட்டங்களை ஆடுகின்றன. பழைய பதிப்பை விடப் புதியது பலமாக இருப்பதாகப் புள்ளியியல் சொன்னால்தான் மாற்றம் உள்ளே போகும். ஆட்ட பலத்தை அளக்க ஆட்டம்தான் வழி. 24 நிலையில் ஒன்றிரண்டு கூடக் குறைய வருவதில் எந்த அர்த்தமும் இல்லை.

#7 நிரலோடி

ஒப்புக்கொள்கிறேன், எலோவை (ஆட்ட பலத்தைக் காட்டும் எண்ணை) அளக்க இது கருவி இல்லை. ஆனால் நான் ஒரு நிலைத் தொகுப்பை வைத்திருப்பது வேறு காரணத்துக்கு. ஆட்ட முடிவு "எஞ்சின் பலவீனமாகிவிட்டது" என்று மட்டும் சொல்லும், எங்கே என்று சொல்லாது. நிலைகளை வகைவாரியாக வைத்திருந்தால் நகராமல் விடும் உத்தியில் கோளாறா, ஆழம் குறைப்பதில் கோளாறா, மதிப்பீட்டில் கோளாறா என்று பிடிக்கலாம். காய்ச்சல் இருக்கிறது என்பதற்கும் எந்த உறுப்பில் தொற்று என்பதற்கும் உள்ள வித்தியாசம்.

நரம்பு வலை (விதி எழுதாமல் தரவிலிருந்து தானே பயின்ற மதிப்பீட்டு முறை) வந்த பிறகு இது இன்னும் தேவைப்படுகிறது. 2020 செப்டம்பரில் ஸ்டாக்ஃபிஷ் 12 வந்ததிலிருந்து மதிப்பீட்டில் நரம்பு வலை இருக்கிறது. "வேறு நிற பிஷப் என்றால் மதிப்பைக் குறை" என்று கையால் எழுதிய விதியைப் படித்துப் பார்த்து விளங்கிக்கொண்ட காலம் போய்விட்டது. வெளியிலிருந்து நிலைகளைக் கொடுத்துத்தான் அதன் குணத்தை அறிய முடியும்.

லீலா என்ற எஞ்சினின் விஷயம் தனி. அதன் வலை முதல் பார்வையிலேயே ஒவ்வொரு நகர்வுக்கும் ஒரு வாய்ப்பு எண் கொடுத்துவிடும். பிஷப் எச்3 மாதிரி விசித்திர நகர்வுக்கு அந்த எண் மிகக் குறைவாக இருந்தால், தேடல் அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதே அபூர்வம். ஸ்டாக்ஃபிஷ் அந்த நகர்வை ஆழம் குறைத்துப் பார்த்துத் தவறவிடுகிறது. லீலா பார்க்கப் போவதே இல்லை. தவறு ஒன்றுதான், காரணம் வேறு.

#8 குதிரைப்பாதை

மறுவிசாரணை சொன்ன "எதற்கெடுத்தாலும் காயைக் கொடுக்கும் எஞ்சின்" என்ற வாதம் மிக முக்கியமானது. இரண்டு நாளாக அதையே யோசித்துக்கொண்டிருக்கிறேன். அதற்கு ஒரு வழி தோன்றுகிறது: ஒவ்வொரு நிலைக்கும் ஒரு ஜோடி நிலை. ஒன்றில் தியாகம் வேலை செய்யும், மற்றதில் செய்யாது. இரண்டிலும் சரியாக இருந்தால் மட்டுமே மதிப்பெண்.

ஷிரோவ் நிலையை எடுங்கள். வெள்ளை ராஜாவை மட்டும் ஜி1-இலிருந்து எஃப்2-க்கு மாற்றுங்கள், மற்றதெல்லாம் அப்படியே. இப்போது பிஷப் எச்3, சிப்பாய் எடுக்கிறது, ராஜா எஃப்5 என்று போனால் வெள்ளை ராஜா எஃப்3-இல் வந்து நின்று இ4-ஐ அடைத்துவிடும். கறுப்பு பிஷப்பை இழந்ததுதான் மிச்சம். தியாகத்தின் உயிரே அந்த ஒரு நகர்வு முந்துவதில்தான் இருக்கிறது என்பது இதிலிருந்து தெரிகிறது. முதல் நிலையில் எச்3 ஆடும் எஞ்சின், இரண்டாவதில் அதை ஒதுக்குகிறதா? ஒதுக்கினால் அது கண்டது தற்செயல் இல்லை.

#9 மறுவிசாரணை

நல்ல யோசனை. ஆனால் ராஜாவை நகர்த்தியதும் அது நிஜ ஆட்ட நிலை இல்லையே. முதல் பதிவில் நீங்களே போட்ட விதி அது.

#10 கடைசிக்கட்டம்

நிஜ ஆட்டத்திலிருந்தே ஜோடி எடுக்க முடியும் என்று நினைக்கிறேன். காஸ்பரோவ் – டோபலோவ், வைக் ஆன் ஸீ 1999. எல்லோரும் 24.யானை டி4-ஐ எடுப்பதற்கு ஆச்சரியக்குறி போடுகிறோம். ஆனால் காஸ்பரோவே பிறகு காட்டியபடி, டோபலோவ் யானையை எடுக்காமல் 24...ராஜா பி6 ஆடியிருந்தால் சமநிலை. எடுத்தார், அதனால்தான் அந்த ஆட்டம் அமரத்துவம் அடைந்தது.

ஆக இதில் இரண்டு நிலைகள் இருக்கின்றன. முதலாவது, 24.யானை டி4-க்குப் பிறகு கறுப்பின் முறை. எஞ்சின் யானையை எடுக்காமல் ராஜாவை பி6-க்கு நகர்த்துகிறதா? இது தற்காப்புச் சோதனை, "கொடுப்பதையெல்லாம் வாங்காதே" என்ற சோதனை. இரண்டாவது, கறுப்பு எடுத்துவிட்ட பிறகு வெள்ளையின் முறை: 25.யானை இ7 செக். ராணி அந்த யானையை எடுத்தால் ராணி டி4 செக்கில் தொடங்கி ஏ7-இல் மேட் வரை போகும். அதனால் டோபலோவ் ராஜாவை பி6-க்குக் கொண்டுபோனார், அங்கிருந்து அந்த ராஜா பலகை முழுக்க ஓடி டி1 வரை வந்தது.

ஒரே ஆட்டம், அடுத்தடுத்த நிலைகள். ஒன்றில் விடை காயை மறுப்பது, மற்றதில் காயைக் கொடுப்பது. எதையும் மாற்றி அமைக்க வேண்டியதில்லை.

#11 பழையபலகை

அருமை! அதே ஆட்டத்தில் இன்னொன்றும் இருக்கிறது. 28-ஆவது நகர்வில் காஸ்பரோவ் ராணி சி3 ஆடினார். அங்கே 28.யானை ஏ7 இன்னும் பலமானது என்று லூபோமிர் காவலெக் காட்டினார். நாம் ஆட்டத்தில் வந்த நகர்வையே விடை என்று எழுதிவைத்தால், சரியாக ஆடிய எஞ்சினுக்கு முட்டை போட்டுவிடுவோம். நோலோ நிலைகளிலேயே சில விடைகள் பின்னாளில் கேள்விக்குள்ளாயின. மேதையின் கையெழுத்து இருப்பதாலேயே அது சரியான விடை ஆகிவிடாது.

1960 உலகச் சாம்பியன் போட்டியின் ஆறாம் ஆட்டத்தில் போட்வினிக்குக்கு எதிராக தால் ஆடிய 21...குதிரை எஃப்4 இதற்கு இன்னொரு சான்று. அந்த நகர்வு அரங்கத்தையே எழுப்பிவிட்டது, ஆட்டத்தையும் வென்றது. அது முழுக்கச் சரியா என்று அன்றிலிருந்து விவாதம். எனக்கு அந்த ஆட்டத்தின் மேல் அளவில்லாத காதல். ஆனாலும் தொகுப்பில் சேர்க்க மாட்டேன்.

#12 நிரலோடி

அப்படியானால் ஒரு நிலையைச் சேர்க்கும் முன் விடையைச் சரிபார்க்க வேண்டும். நான் செய்வது: முதல் இரண்டு நகர்வுகளையும் காட்டச் சொல்லி, வேறுவேறு குடும்பத்து எஞ்சின்களை, உதாரணமாக ஸ்டாக்ஃபிஷ் ஒன்று, லீலா ஒன்று என்று நீண்ட நேரம் ஓடவிடுவேன். முதல் நகர்வுக்கும் இரண்டாவதுக்கும் நடுவில் பெரிய இடைவெளி இருந்தால் மட்டும் நிலை உள்ளே. இரண்டுமே வென்றுவிடும் என்றால் அதை "ஒரே விடை" நிலையாக வைக்க முடியாது. சரிபார்க்க இப்படி இரண்டு வரிசை காட்டச் சொல்லலாம், சோதிக்கும்போது கூடாது. இரண்டு வரிசை கேட்டால் எஞ்சின் தேடும் முறையே மாறிவிடுகிறது.

சோதனை ஓட்டும்போது கவனிக்க வேண்டிய இன்னும் சில. ஒவ்வொரு நிலைக்கும் முன்னால் ஹாஷ் நினைவை (முன்பு ஆராய்ந்த நிலைகளை எஞ்சின் சேமித்து வைக்கும் இடம்) அழித்துவிடுங்கள். பலர் ஆட்டத்தை முன்னும் பின்னும் தள்ளிப் பார்த்துவிட்டு, பிறகு "என் கணினியில் ஒரு நொடியில் கண்டுபிடித்தது" என்று எழுதுகிறார்கள். விடை ஏற்கெனவே ஹாஷில் இருக்கிறது, அதைத்தான் எடுத்துக் காட்டுகிறது. அப்புறம், பல திரெட்களில் (ஒரே நேரத்தில் ஓடும் இணைத் தேடல்களில்) ஓடினால் ஒரே எஞ்சின் ஒரே நிலையில் ஒவ்வொரு முறையும் வேறு நேரம் காட்டும். ஒரு ஓட்டத்தை வைத்து எதையும் சொல்ல முடியாது. ஒரே திரெட்டில் ஓட்டி, நொடிக்குப் பதிலாக எத்தனை நிலைகளை ஆராய்ந்தது என்ற எண்ணிக்கையைக் குறித்தால், வேறுவேறு கணினி வைத்திருப்பவர்களும் ஒப்பிடலாம். ஒரே எஞ்சினின் பதிப்புகளை ஒப்பிட இது நல்ல அளவு. ஸ்டாக்ஃபிஷையும் லீலாவையும் இந்த எண்ணிக்கையில் ஒப்பிட வேண்டாம். லீலா ஒரு நிலைக்குச் செலவிடும் உழைப்பு மிக அதிகம்.

கண்டுபிடித்த நேரம் என்று எதைக் குறிப்பது? நகர்வு முதலில் திரையில் தோன்றிய நேரம் இல்லை. அதைப் பிடித்த பிறகு ஒதுக்கிய நேரம் முடியும்வரை கைவிடாமல் இருக்க வேண்டும். அந்தக் கடைசிப் பிடிப்பு தொடங்கிய இடம்தான் கணக்கு.

#13 வெள்ளைச்சிப்பாய்

கேட்கலாமா என்று தெரியவில்லை. நகர்வைப் பிடித்து, விடாமலும் இருந்தால், அது புரிந்துதான் ஆடுகிறது என்று ஆகிவிடுமா? மற்ற எல்லா நகர்வும் மோசமாக இருப்பதால் இதில் வந்து நிற்கலாமே?

#14 குதிரைப்பாதை

வெள்ளைச்சிப்பாய், இந்த இழையின் சிறந்த கேள்வி இதுதான். தயங்காமல் கேளுங்கள்.

நீங்கள் சொல்வதற்குப் பொருத்தமான நிலை ஒன்று இருக்கிறது. 1997 மே, நியூயார்க், டீப் புளூ – காஸ்பரோவ் இரண்டாம் ஆட்டம். நொடிக்கு 20 கோடி நிலைகளைப் பார்த்த இயந்திரம் 45.யானை ஏ6 ஆடியது, காஸ்பரோவ் விட்டுக்கொடுத்தார். ஆனால் அந்த இடத்தில் 45...ராணி இ3 இருந்தது. 46.ராணி டி6 சிப்பாயை எடுத்தால் யானை இ8, அதன் பிறகு வெள்ளை ராஜாவால் தொடர் செக்கிலிருந்து தப்ப முடியாது, டிரா. விட்டுக்கொடுத்த பிறகுதான் இது அவருக்குத் தெரியவந்தது.

இந்த நிலையை எஞ்சினிடம் கொடுத்தால் தொடக்கத்திலேயே ராணி இ3 என்று காட்டக்கூடும், கூடவே "வெள்ளை நன்றாக ஜெயிக்கிறது" என்ற மதிப்பீட்டோடு. நகர்வு சரி, காரணம் தெரியாது. டிரா என்று உணர்ந்து மதிப்பீடு பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இறங்கும் கணம்தான் உண்மையில் கண்டுபிடித்த கணம். அதனால் ஒவ்வொரு நிலைக்கும் நகர்வு மட்டுமில்லாமல் மதிப்பீட்டு எல்லையும் எழுதப் போகிறேன். ஷிரோவ் நிலையில் எச்3 ஆடி, கறுப்புக்குத் தெளிவான வெற்றி என்றும் காட்ட வேண்டும். டீப் புளூ நிலையில் ராணி இ3 ஆடி, பூஜ்யத்தை நெருங்க வேண்டும்.

இன்னொரு வழி, விடை நகர்வை நாமே ஆடிவிட்டு எதிராளியின் சிறந்த பதிலையும் ஆடி, இரண்டு நகர்வு தள்ளி எஞ்சினிடம் மறுபடி கேட்பது. 48.சிப்பாய் எடுத்த பிறகும் கறுப்பு வெல்கிறது என்று சொல்கிறதா, அல்லது ஒரு காய் குறைவு என்று அலறுகிறதா? இதில் அதன் மனம் வெளிப்பட்டுவிடும்.

#15 கடைசிக்கட்டம்

தவிர்க்க வேண்டிய நகர்வு என்ற வகையும் வைப்பீர்களா? ஸ்பாஸ்கி – ஃபிஷர் 1972 முதல் ஆட்டம், 29...பிஷப் எச்2 சிப்பாயை எடுத்தது. 30.ஜி3, பிஷப் சிக்கிக்கொண்டது. அது நிறையப் பேர் சொல்லும் பிரபலமான பிழை.

#16 மறுவிசாரணை

அதைச் சேர்க்கக் கூடாது என்பதற்கே அது நல்ல எடுத்துக்காட்டு. பிஷப்புக்கு இரண்டு சிப்பாய் கிடைத்தது, அதற்குப் பிறகும் ஃபிஷருக்கு டிரா இருந்தது என்பதைப் பின்னால் வந்த ஆய்வுகள் காட்டிவிட்டன. தோல்விக்குக் காரணம் அதன் பின் வந்த பிழைகள். மனிதனாக அது கெட்ட முடிவு: எளிதான டிராவைக் கடினமான டிராவாக்கிக்கொண்டார். எஞ்சினுக்கு இரண்டும் டிராதான். அதில் எச்2 எடுத்த எஞ்சினுக்கு மதிப்பெண் குறைத்தால் அது நியாயம் இல்லை.

#17 பழையபலகை

ஆனந்துக்காக ஒரு நிலை கேட்கலாம் என்று இருந்தேன். அரோனியன் – ஆனந்த், வைக் ஆன் ஸீ 2013, பிஷப் சி5-உம் அடுத்து குதிரை இ5-உம். ஆனால் நிரலோடி மூன்றாம் பதிவில் சொன்னதை வைத்துப் பார்த்தால் அதுவும் பைர்ன் – ஃபிஷர் வகைதான், அடியும் மிரட்டலுமாகப் போகிறது. எஞ்சின் தடுமாறாது. பார்த்து ரசிக்கத் தனியாக ஓர் இழை தொடங்குகிறேன்.

அதற்குப் பதில் இதை எடுத்துக்கொள்ளுங்கள்: ஷார்ட் – டிம்மன், டில்பர்க் 1991. 31.ராஜா எச்2, பிறகு ஜி3, எஃப்4, ஜி5. ராணிகளும் யானைகளும் பலகையில் இருக்கும்போதே வெள்ளை ராஜா நடந்து போய் மேட் கட்ட உதவுகிறது. ஜி5-க்கு வந்ததும் டிம்மன் விட்டுக்கொடுத்தார். ராஜாவை வெளியே விடாதே என்று மதிப்பீட்டில் பாடம் படித்த எஞ்சினுக்கு இதில் ஒவ்வொரு அடியும் தன் இயல்புக்கு எதிரானது.

#18 நிரலோடி

இது நல்ல தேர்வு. நான்கு அமைதியான நகர்வுகள் வரிசையாக, அதுவும் ராஜாவுடையவை. ஆழம் குறைக்கும் விதியை நேராகச் சோதிக்கும். என் எஞ்சினுக்கு இன்றைக்கு இரவே கொடுத்துப் பார்க்கிறேன்.

போட்வினிக் – காப்பபிளாங்கா, ஆவ்ரோ போட்டி 1938-ஐயும் பக்கத்தில் வையுங்கள். 30.பிஷப் ஏ3, ராணியை இ7-இலிருந்து இழுக்கிறது. பின் குதிரை எச்5 செக், இ சிப்பாய் ஏறுகிறது. அதன் பிறகு கறுப்பு ராணி செக் மேல் செக் கொடுக்க, வெள்ளை ராஜா ஜி1-இலிருந்து எச்5 வரை தப்பித்துப் போக வேண்டும். முழு பலத்தோடு ஓடும் எஞ்சினுக்கு இது இப்போது சாதாரணம்தான். ஆனால் புதிதாக எஞ்சின் எழுதுபவர்களுக்கு, செக் வரும் கிளைகளை எவ்வளவு நீட்டிப் பார்க்கிறோம் என்பதைச் சோதிக்க இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது.

#19 மறுவிசாரணை

கடைசியாக ஒன்று. ரெஷெவ்ஸ்கி – பெட்ரோசியன், சூரிச் 1953, 25...யானை இ6. யானையை பிஷப்புக்குக் கொடுத்து, குதிரையை இ7 வழியாக டி5-க்குக் கொண்டுபோகும் திட்டம். ஆட்டம் டிராவில் முடிந்தது. இதற்கு உங்கள் முறையில் எப்படி மதிப்பெண் போடுவீர்கள்? அடியும் இல்லை, மேட்டும் இல்லை. மதிப்பீட்டு இடைவெளி பெரிதாக வருமா என்பதும் சந்தேகம். ஆனால் செஸ்ஸில் ஆழமான நகர்வு எது என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன்.

#20 குதிரைப்பாதை

நானும் இதைத்தான் சொல்வேன். ஆனால் "ஒரே விடை" கோப்பில் இது உட்காராது, வலுக்கட்டாயமாகத் திணிக்கவும் கூடாது.

இரண்டு கோப்புகளாகப் பிரிக்கிறேன். முதலாவதில் சரிபார்த்த, ஒரே விடை உள்ள நிலைகள், ஜோடிகளோடும் மதிப்பீட்டு எல்லையோடும். ஷிரோவ், லண்டன் ஆறாம் ஆட்டம், காஸ்பரோவ் – டோபலோவின் இரண்டு நிலைகள், டீப் புளூவின் கடைசி நிலை, ஷார்ட், போட்வினிக் இதில் வரும், நிரலோடியின் சரிபார்ப்பில் தேறினால். ராஜாவை எஃப்2-இல் வைத்த நிலை நிஜ ஆட்டம் இல்லை என்ற குறிப்போடு வரும்.

இரண்டாவது கோப்பில் பெட்ரோசியன் மாதிரியான நிலைகள். அங்கே பிராட்கோ – கோபெக் முறையில் பகுதி மதிப்பெண்: யானை இ6 எஞ்சினின் முதல் நான்கு தேர்வுகளில் எங்கே நிற்கிறது என்று மட்டும் குறிப்போம். இந்தக் கோப்புக்கு மட்டும் நான்கு வரிசை காட்டச் சொல்லி ஓட்டுவோம், முதல் கோப்போடு கலக்க வேண்டாம்.

மறுவிசாரணை, இரண்டாவது கோப்பை நீங்கள் எடுத்துக்கொள்ள முடியுமா? பெட்ரோசியனின் தரத்தியாக (யானையைக் கொடுத்து பிஷப்போ குதிரையோ வாங்கும்) ஆட்டங்களில் இருந்தே தொடங்கலாம். நிரலோடி, ஷார்ட் ஆட்டம் இரவு ஓடி முடிந்ததும் எத்தனை நிலைகளை ஆராய்ந்தது என்ற எண்ணிக்கையோடு இங்கேயே போடுங்கள், 31-ஆவது நகர்வுக்கும் 33-ஆவது நகர்வுக்கும் தனித்தனியாக.

#21 மறுவிசாரணை

எடுத்துக்கொள்கிறேன். முதலில் ஐந்து நிலை போதும், விடைகளை நன்றாக அலசிவிட்டுப் போடுகிறேன்.